செல்லாத கன்ட்ரோலர்

அம்பத்தூர் எஸ்டேட்டில் நான் வேலை பார்த்த பிரஸ் ஷாப்பில் என் வலது கையின் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் போயின. வேலை வேகமாக நடக்கவேண்டும் என்று மெஷினின் பாதுகாப்புத் தடுப்பைக் கழற்றி வைத்திருந்தார்கள். அதைப் பற்றி எழுத எனக்கு இன்னும் பொறுமை வரவில்லை. இப்போது எழுதுவது அதற்குப் பிறகு வந்த இன்னொரு கோபத்தைப் பற்றி. வெளியே சொன்னால், "வீடியோ கேமுக்காடி இவ்வளவு ஆத்திரம்?" என்று சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

கட்டுப் பிரித்த பிறகு சேக்காட்டில் எங்கள் வீட்டில் சும்மா கிடந்தேன். யாரோடும் பேச்சில்லை. நசரத்பேட்டையில் வாழ்க்கைப்பட்ட என் நாத்தனார் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சர்ச்சில் பூசை முடிந்த கையோடு பெரிய பையைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

"இன்னா அண்ணி, செவுத்தயே பாத்துகினு குந்திகினு கீறீங்க? என்னாண்ட கீற மாதிரியே ஒரு கேம் பெட்டி, செகண்ட் ஹேண்ட்ல வாங்கியாந்தேன். நீங்க இங்க, நான் அங்க. ரேஸ் உடலாம் வாங்க."

"இந்தக் கைய வெச்சிகினா?"

"அதுக்குத்தான் எங்கண்ணன் கீறானே!"

அவள் அண்ணன்தான் என் கணவர். வீடுகளுக்கு ஒயரிங் செய்கிறவர். கார் ரேஸில் ஆக்ஸிலேட்டர் பொத்தானை வலது ஆள்காட்டி விரலால்தான் அழுத்தவேண்டும். கட்டைவிரலுக்கு மாற்றிப் பார்த்தோம். பிரேக், கியர் எல்லாம் அந்த ஒரு விரலின் தலையிலேயே விழுந்ததில் அது வலித்து விறைத்துக்கொண்டது. கடைசியில் அவர் கன்ட்ரோலரைப் பிரித்து, அந்தப் பொத்தானிலிருந்து ஒரு ஒயரை இழுத்து, மரக்கட்டையில் பொருத்திய ஒரு சுவிட்சைத் தரையில் வைத்துக் கொடுத்தார். காலால் மிதித்தால் கார் பாய்ந்தது. அன்றைக்கு நான் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டம்மா ஓடி வந்துவிட்டார்.

அதன்பிறகு ஞாயிறு மதியம் என்றால் ரேஸ்தான். போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு, இன்டர்நெட் வழியாக அவளும் நானும் மோதுவோம். அவள் ஓட்டுவது ஷேர் ஆட்டோ மாதிரி. இடிப்பாள், திடீரென்று குறுக்கே வந்து நிற்பாள். நான் வாய்க்கு வந்தபடி திட்டுவேன். விபத்துக்குப் பிறகு நான் வாய்விட்டுச் சிரித்தது அந்தப் போனில்தான்.

பிறகு அடுத்த தலைமுறைப் பெட்டிகள் வந்தன. பெட்டி செய்யும் இரண்டு பெரிய கம்பெனிகளும் ஒன்றை ஒன்று முந்திக்கொண்டு இறக்கின. எங்கள் ரேஸின் புதுப் பாகம் புதிய பெட்டிகளில் மட்டும்தான் ஓடும் என்றார்கள். நாத்தனார் வீட்டுக்காரர் பழையதை எக்ஸ்சேஞ்சில் கொடுத்து எதிர்க் கம்பெனியின் பெட்டியை வாங்கினார். அங்கே ஏதோ சலுகையாம். மறுபடி வேலைக்குப் போகத் தொடங்கியிருந்த நான், போனஸ் வந்ததும் எங்கள் பழைய கம்பெனியின் புதுப் பெட்டியையே வாங்கினேன். அதே கம்பெனி என்றால் என் கன்ட்ரோலர் ஒத்துப்போகும் என்று நம்பினேன்.

ஒத்துப்போகவில்லை. "இந்தக் கன்ட்ரோலரை இந்த விளையாட்டுக்குப் பயன்படுத்த முடியாது" என்று திரையில் வந்தது.

"பழைய டிஸ்க்க போட்டுப் பாரு," என்றார் என் கணவர்.

போட்டேன். அதே புதுப் பெட்டியில், அதே பழைய கன்ட்ரோலரில், நான் மிதித்ததும் கார் பாய்ந்தது. புது விளையாட்டைப் போட்டால் மறுபடியும் அதே வரி. அப்படியென்றால் பெட்டிக்கு என் கன்ட்ரோலர் புரியாமலில்லை. புரிந்துகொண்டே கதவைச் சாத்துகிறது. எனக்கு ரத்தம் கொதித்தது.

புதுக் கன்ட்ரோலரையும் பிரித்துப் பார்த்தார் அவர். "உள்ள மோட்டார்லாம் வெச்சிக்கிறான், பொத்தானே வேற மாதிரி கீது," என்றார். ஒயர் இழுக்கும்போது ஏதோ ஒன்று முறிந்தது. அது பிறகு உயிர் பெறவே இல்லை.

வாங்கிய கடைக்குப் போனோம். கவுண்டரில் இருந்தவர், "பழசை எக்ஸ்சேஞ்ச்ல போட்ருங்க மேடம். பையனுக்குப் புதுசு ஒண்ணு வாங்கிக் குடுங்க," என்றார்.

"பையன் இல்ல. நான்தான் ஆடறேன்," என்று வலது கையைக் கவுண்டர் மேல் வைத்தேன்.

அவர் கையைப் பார்த்தார். பிறகு கம்ப்யூட்டரைப் பார்த்தார். "கம்பெனி பாலிசி மேடம், நாங்க ஒண்ணும் பண்ண முடியாது." என்னைப் போன்றவர்களுக்கென்று பெரிய பொத்தான் வைத்த கன்ட்ரோலரை எதிர்க் கம்பெனி செய்வதாகச் சொன்னார். சென்னையில் கிடைக்குமா என்று கேட்டேன். தெரியாது என்றார்.

அன்று மாலை நாத்தனாரைப் போனில் கூப்பிட்டபோது இன்னொன்றும் தெரிந்தது. அந்தப் புதுப் பாகத்தில் ஒரு கம்பெனிப் பெட்டிக்காரர்கள் அடுத்த கம்பெனிப் பெட்டிக்காரர்களோடு ஆடவே முடியாதாம். என் கன்ட்ரோலர் வேலை செய்திருந்தாலும் அவளோடு ஓட்டியிருக்க முடியாது.

"என்னைக் கேக்காம ஏன் மாத்துன?" என்று கத்தினேன்.

"நானா மாத்துனேன்? அவரு வாங்கியாந்தாரு. கம்பெனிக்காரன் செஞ்சதுக்கு என்ன ஏன் திட்றீங்க அண்ணி?"

"உங்களுக்குலாம் கை கீது, அதான்."

சொல்லியிருக்கக் கூடாது. அவள் போனை வைத்துவிட்டாள். பல ஞாயிறுகள் எங்கள் வீட்டு டிவி சும்மா இருந்தது. நான் மட்டும் போனில், இரண்டு கம்பெனி ரசிகர்களும் எது பெரிது என்று அடித்துக்கொள்ளும் வீடியோக்களைப் பார்த்துப் பல்லைக் கடித்தேன். எந்தப் பெட்டியில் படம் துல்லியம், எது வேகம் என்று மணிக்கணக்கில் பேசினார்கள். யாரை வெளியே நிறுத்திவிட்டு இந்தப் போட்டி நடக்கிறது என்று அவர்களில் ஒருவரும் கேட்கவில்லை.

கடைசியில் அவளே வந்தாள். வேப்பம்பட்டில் யாரோ விற்ற, எங்கள் கம்பெனியின் பழைய பெட்டி ஒன்றைத் தனக்கென்று வாங்கி, மடியில் வைத்துக்கொண்டு ரயிலில் வந்திருந்தாள். நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். "அதெல்லாம் வேணாம், சுவிட்ச எடுத்துப் போடுங்க," என்றாள்.

பழைய பாகத்திலேயே மறுபடி ஓட்டினோம். அதுவும் நிலைக்கவில்லை. பழைய பாகத்தின் ஆன்லைன் சேவையை நிறுத்தப்போவதாக அறிவிப்பு வந்தது, நிறுத்தியும் விட்டார்கள். இப்போது முடிந்த ஞாயிறுகளில் அவள் சேக்காட்டுக்கு வருகிறாள். ஒரே டிவியில் திரையை இரண்டாகப் பிரித்து ஆடுகிறோம். அவளுக்குப் பிள்ளை, சமையல், பஸ். எல்லா ஞாயிறும் வர முடிவதில்லை.

சமீபத்தில் அவள் மகள் முதன்முதலாக நற்கருணை வாங்கிய புதுநன்மை விருந்தில், அவள் வீட்டுக்காரர் பிரியாணித் தட்டோடு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். நல்ல மனிதர்தான்.

"இன்னாம்மா தங்கச்சி, அடுத்த பெட்டி வரப்போவுதாம். இந்த வாட்டி எந்தக் கம்பெனி ஜெயிக்கும்ன்றே?"

"எவன் ஜெயிச்சா எனக்கின்னாண்ணே? அவனுங்க ஜெயிக்கிற ஒவ்வொரு வாட்டியும் எங்க ஊட்ல ஒன்னு செத்துப்போவுது."

நான் சொன்னது பந்தி முழுக்கக் கேட்டுவிட்டது. என் கணவர் என் முழங்கையைத் தொட்டார். நான் குரலைத் தாழ்த்தவில்லை.