இறுக வேண்டிய கதவு

அந்த வருடம் அப்பாவும் அண்ணனும் என் வழியாகத்தான் பேசிக்கொண்டார்கள். எனக்கு ஒன்பது வயது. "அவனச் சாப்பிட வரச் சொல்லு", "சைக்கிள் சாவியத் தரச் சொல்லு" என்று ஒருவர் சொல்வதை, நாலடி தள்ளி உட்கார்ந்திருக்கும் மற்றவரிடம் நான் திருப்பிச் சொல்ல வேண்டும். இரண்டு பேருக்கும் காது நன்றாகவே கேட்கும். ஆனாலும் நான் சொன்ன பிறகுதான் கேட்டதாகக் கணக்கு. இதற்கு நானே ஒரு விதி வைத்திருந்தேன். "சொல்லு" என்று முடிந்தால் கொண்டுபோவேன். மற்றதெல்லாம் எனக்குச் சேராது.

"ரெண்டு பேருமாச் சேந்து புள்ளையத் தபால்பெட்டி ஆக்கிட்டீக" என்பாள் அம்மா.

காரணம் சிறியது. அப்பா தச்சு வேலை செய்பவர். காரைக்குடிச் செட்டியார் வீடுகளில் அவர் மாட்டிய கதவுகள் நிறைய உண்டு. அண்ணன் படித்த கல்லூரியில் பெஞ்சுகளைப் பழுது பார்க்க ஒரு நாள் போயிருந்தார். அண்ணன் நண்பர்களோடு அந்தப் பக்கம் வந்தான். அப்பா கையை உயர்த்தினார். யாரென்று ஒருவன் கேட்டதற்கு, "பெஞ்சு சரி பண்ண வந்த ஆளு" என்று சொல்லிவிட்டு அண்ணன் நடந்தான். அப்பா வீட்டுக்கு வந்து அதை அம்மாவிடம் ஒரே ஒரு முறை சொன்னார். அண்ணனிடம் அதன்பிறகு எதையுமே சொல்லவில்லை.

இந்த நிலையில்தான் கல்லூரி ஆண்டு விழாவுக்கு நாடகம் வந்தது. அமெரிக்காவில் மிகவும் பேர்பெற்ற நாடகமாம். ஆங்கிலப் பேராசிரியர் தமிழில் எழுதியிருந்தார். வீட்டை விட்டுப் போகும் மகன் வேடம் அண்ணனுக்கு. மேடைக்கு ஒரு கதவு தேவைப்பட்டது. நல்ல தச்சரை விசாரித்துக்கொண்டு பேராசிரியர் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். உள்ளே அண்ணன் உட்கார்ந்திருந்தான்.

"நீ இவரு மகனா? சொல்லவே இல்லையேப்பா!"

அண்ணன் தரையைப் பார்த்தான். அப்பா அளவு கேட்டார்.

வசனம் படிக்கும்போது எதிரே உட்காரவைக்க அண்ணனுக்கு ஆள் வேண்டியிருந்தது. அதனால் கதை முழுவதும் எனக்குத் தெரியும். மழையில் ஊதி இறுகிப்போன முன்கதவு உள்ள ஒரு வீடு. பல வருடமாக அதை யாரும் திறப்பதில்லை. எல்லாரும் அடுப்படி வழியாகச் சுற்றிப் போகிறார்கள். அம்மாக்காரி கதவில் காது வைத்துப் பார்ப்பாள். மகள் பாதி தூரம் போய்த் திரும்பிவிடுவாள். அப்பாக்காரர் கதவுக்கு முதுகு காட்டி நாற்காலி போட்டிருப்பார். கடைசிக் காட்சியில் மகன் தோளால் இடித்துத் திறந்து வெளியே போவான்.

"கதவுகிட்ட யாரு எப்படிப் போறாகன்னு பாரு. அந்த வீட்டுல யாருக்கு யாரு மேல என்னன்னு தெரிஞ்சிரும்" என்றான் அண்ணன்.

"கதவு கதவுதானே?"

"இல்ல கழுத. கதவுன்னா அந்த அப்பாதான். இறுகிப்போயி நிக்கிறாருல்ல."

கொல்லையில் அப்பாவின் உளிச் சத்தம் நின்றது. சற்றுப் பொறுத்து மறுபடி கேட்டது.

மறுநாள் அண்ணன் என்னிடம், "கதவு லேசுல தொறக்கக் கூடாது. இடிச்சாத்தான் தொறக்கணும், அம்புட்டு இறுக்கமா இருக்கணும்னு அவருகிட்டச் சொல்லு" என்றான். நான் கொல்லைக்குப் போய் ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன்.

அப்பா பலகையிலிருந்து கண்ணை எடுக்காமல், "இறுகுனா இழைச்சு விடுறதுதானே? அமெரிக்காவுல இழைப்புளி கெடையாதாமா?" என்றார்.

ஒட்டுப்பலகை போதும் என்று பேராசிரியர் சொல்லியிருந்தார். அப்பா பழைய தேக்கில் செய்தார். முடிந்த அன்று அண்ணன் ஒத்திகைக்குப் போயிருந்தான். அப்பா நிலைச்சட்டத்தைக் கொல்லைச் சுவரோடு நிறுத்தி, கதவை மாட்டி, என்னைக் கூப்பிட்டார்.

"ஏத்தா, ஒத்த விரலால தள்ளு."

தள்ளினேன். சத்தமில்லாமல் போய் நின்றது. அப்பா அதை மூடினார். பிறகு கதவைப் பார்த்துக்கொண்டே, "போறவன் போகட்டும். திரும்பி வர்றப்ப முட்டிக்கிட்டு நிக்கக் கூடாதுல்ல" என்றார்.

விழா அன்று மத்தியானம் அப்பா மேடையில் நிலையை நிறுத்தினார். வீட்டுக்கு நிலை வைக்கும்போது செய்வதுபோல மஞ்சள் தடவிக் குங்குமம் வைத்தார். மாணவர்கள் சிரித்தார்கள். அமெரிக்க வீட்டு நிலையில் இருந்த பொட்டை ஒருவன் துடைத்துவிட்டான். அப்பாவின் முகத்தில் விழிக்க வேண்டாமென்று, அவர் மேடையை விட்டு இறங்கும்வரை அண்ணன் ஒப்பனை அறையிலேயே இருந்தான். அதனால் கதவை அவன் தொட்டுப் பார்க்கவில்லை.

நாடகம் நன்றாகத்தான் போனது. கடைசிக் காட்சியில் அண்ணன் நான்கு அடி பின்னால் போய், ஓடிவந்து தோளைக் கொடுத்தான். கதவு விரலுக்குத் திறப்பதுபோலத் திறந்தது. அண்ணன் மறுபக்கம் போய் விழுந்தான். அவனுடைய இரண்டு கால்கள் மட்டும் எங்களுக்குத் தெரிந்தன. கொட்டகை முழுவதும் சிரித்தது. "ஏய், வீட்ட விட்டுப் போகச் சொன்னா விழுந்து கும்புடுறான்டா!" என்று பின்னாலிருந்து ஒரு குரல். அப்பா கடைசி வரிசைக்கும் பின்னால் நின்றிருந்தார். திரும்பிப் பார்த்தேன். அவர் இருந்த இடம் காலியாக இருந்தது.

வீட்டுக்கு வந்து அண்ணன் என்னைக் கிணற்றடிக்கு அழைத்துப்போனான். கன்னத்தில் மை கலைந்திருந்தது.

"இறுக்கமா இருக்கணும்னு சொன்னியா?"

"சொன்னேன்."

"முழுசாச் சொன்னியா?"

"முழுசா."

"அதுக்கு அவரு என்ன சொன்னாரு?"

யோசித்துப் பார்த்தேன். தப்பாகச் சொல்லிவிடக் கூடாது.

"ஒண்ணும் சொல்லச் சொல்லல."

அண்ணன் தலையை ஆட்டினான். "அப்ப வேணும்னுதான் பண்ணிருக்காரு" என்றான். பரீட்சை முடிந்த வாரம் வடக்கே ஒரு இரும்பு ஆலைக்கு வேலைக்குப் போனான். அப்பா அந்தக் கதவைக் கல்லூரியிலிருந்து வண்டியில் கொண்டுவந்து எங்கள் வீட்டு வாசலுக்கு மாட்டினார். அண்ணன் அம்மாவுக்குக் கடிதம் போடுவான். அப்பாவை விசாரித்து ஒரு வரி இருக்காது.

அப்பா இறந்தபோது தந்தி கிடைத்து அவன் வந்துசேர மூன்று நாள் ஆனது. வாசலில் தட்டும் சத்தம் கேட்டது. தாழ் போட்டிருக்கவில்லை, தொட்டாலே திறந்திருக்கும். நான் போய்த் திறக்கும்வரை கையில் பெட்டியோடு தட்டிக்கொண்டே நின்றான்.

கிணற்றடியில் நான் சொன்னது பொய் இல்லை. கொல்லையில் அப்பா கதவைப் பார்த்துச் சொன்னது எனக்கு நினைவில்தான் இருந்தது. ஆனால் அதன் கடைசியில் "சொல்லு" இல்லை. அதனால் நான் அதைக் கொண்டுபோகவில்லை.