பிரிக்காத பெட்டியின் விலை

என் சொந்தக்காரர்களுக்கு என்மீது மரியாதை வந்தது சமீபத்தில்தான். அதுவரை நான், இரண்டு பிள்ளை பெற்ற பிறகும் பொம்மை வைத்து விளையாடுகிறவள். பழைய பொம்மைகளை வாங்குவேன், அழுக்கெடுப்பேன், பிடித்ததை வைத்துக்கொண்டு மற்றதை இணையத்தில் விற்பேன். கல்யாண வீடுகளில் என்னைக் கண்டதும், "என்ன, உன் புள்ளைங்க எல்லாம் சௌக்கியமா?" என்று கேட்டுவிட்டுச் சிரிப்பார்கள். அவர்கள் கேட்பது நான் பெற்றதுகளைப் பற்றி அல்ல என்று எனக்குத் தெரியும். பல்லைக் கடித்துக்கொண்டு நானும் சிரித்து வைப்பேன்.

பிறகு குடும்பத்தில் யாரோ ஒரு புண்ணியவான், பழைய வெளிநாட்டுப் பொம்மை ஒன்று என்ன விலைக்குப் போகிறது என்று கைப்பேசியில் பார்த்துத் தொலைத்தார். அன்றோடு நான் நிபுணர் ஆகிவிட்டேன். போர்ட் பிளேரில் நம் ஆட்கள் எந்த வீட்டில் பரண் ஏறினாலும் அடுத்த போன் எனக்குத்தான். கை ஒடிந்ததையும் எலி கடித்ததையும் தூக்கிக்கொண்டு வந்து, "லட்சம் போகுமா?" என்பார்கள்.

ஏர்போர்ட் பக்கம் லம்பா லைன் பகுதியில் இருக்கும் அத்தையும் கூப்பிட்டாள். அப்பாவின் தங்கை.

"மருமகளே, ஜல்தி வா. நம்ம சிங்கப்பூர்க்காரிய ஒருத்தரு விலைக்குக் கேக்குறாரு. நீ பாத்துச் சொல்லணுமாம்."

சிங்கப்பூர்க்காரியை எனக்கு நன்றாகத் தெரியும். மாமா சரக்குக் கப்பலில் டெக் வேலை பார்த்த காலத்தில் வாங்கி வந்த பொம்மை அது. அப்போது அத்தைக்கு மூன்றாவது பிரசவம். முதல் இரண்டும் பையன்கள், இது பெண்தான் என்று மாமாவுக்கு அப்படி ஒரு நம்பிக்கை. பிறந்தது மூன்றாவது பையன். பெட்டி ஷோகேஸில் ஏறியது. பிறகு பேத்திக்கு என்றார்கள். வந்ததெல்லாம் பேரன்கள். பொன்னிற முடியும் நீலப் பாவாடையுமாக, பெட்டியின் பிளாஸ்டிக் ஜன்னல் வழியாக அவள் எங்கள் எல்லோரையும் பார்த்துக்கொண்டே இருந்தாள். சின்ன வயதில் அந்த வீட்டுக்குப் போகும்போதெல்லாம் ஷோகேஸ் கண்ணாடியில் மூக்கை அழுத்திக்கொண்டு நிற்பேன். தொட விட்டதே இல்லை. என் பொம்மைப் பைத்தியம் அங்கேதான் ஆரம்பித்திருக்க வேண்டும்.

இப்போது வீட்டைக் காலி செய்துகொண்டு இருவரும் மெயின்லேண்ட் போகிறார்கள், சென்னையில் பெரிய மகனோடு இருக்க. கூடத்தில் கால் வைக்க இடமில்லாமல் சாமான் கட்டிக் கிடந்தது. விலைக்குக் கேட்டவர் ஒரு பெங்களூர்க்காரர், எல்லாம் போனில்தான். பெட்டி பிரிக்காதது என்று நான் போனில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் லட்ச ரூபாய், அன்றைக்கே அனுப்பிவிட வேண்டும் என்று பேச்சு.

"பில்குல் புதுசு" என்று அத்தை பெட்டியை மேசையில் வைத்தாள். "ஒரு தரம் கூடப் பிரிச்சதில்ல."

மாமா வராந்தாவில் மீன்பிடிக்கிற தூண்டில் உருளைக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார். எங்கள் பக்கம் திரும்பவில்லை. ஆனால் ஒரே உருளைக்கு எவ்வளவு நேரம்தான் எண்ணெய் போடுவது? காது முழுக்க இங்கேதான் இருந்தது.

நான் பையிலிருந்து டார்ச்சையும் பூதக்கண்ணாடியையும் எடுத்தேன். பந்தா கொஞ்சம் இருக்கும் எனக்கு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் முதலில் செய்வது மோந்து பார்ப்பதுதான். இங்கே மழைக்காலத்தில் பீரோவுக்குள் இருக்கும் செருப்பே பூத்துவிடும். அட்டைப்பெட்டி எம்மாத்திரம்? பூஞ்சை வாடை வந்தால் பாதி மதிப்பு போயிற்று. பெட்டியின் மூலையில் மூக்கை வைத்தேன். பூஞ்சை இல்லை. தேங்காய் எண்ணெய் வாடை வந்தது.

ஒரு மூலை நசுங்கியிருந்தது. "நடுக்கம் வந்தப்ப எல்லாம் மாமா இதத்தான் மொதல்ல தூக்கிட்டு ரோட்டுக்கு ஓடுவாரு. கேஸ் அடுப்ப அணைக்கிறது நான், கதவத் தொறக்குறது நான்" என்றாள் அத்தை. இந்த ஊரில் பூமி அவ்வப்போது லேசாக உடம்பை உதறிக்கொள்ளும். மூலை நசுங்கியதற்கு அது நியாயமான காரணம்தான்.

அடிப்பக்கம் திருப்பினேன். மூடியில் ஒட்டுநாடா. நகத்தால் கிளப்பினால் அதற்கடியில் இன்னொன்று, அதற்கும் அடியில் இன்னொன்று. சிங்கப்பூர்க் கம்பெனி இத்தனை தரம் ஒட்டாது.

"அத்தை, இத யாரோ பிரிச்சிருக்காங்க."

"அரே! யாரு பிரிக்கப் போறா?" என்றாள். ஆனால் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

தலைக்கு மேலே ஒரு விமானம் இறங்கியது. ஏர்போர்ட் பக்கம் என்பதால் அந்த வீட்டில் விமானம் போகிறவரை பேச்சு நிற்கும், ஷோகேஸ் கண்ணாடி மட்டும் பேசும். அந்த இடைவெளியில் நான் பொம்மையை அட்டையோடு வெளியே இழுத்தேன். வாழ்நாளில் முதல்முறை.

காதில் உலோகத் தோடு இருந்தால் கடல் காற்றுக்குக் காதெல்லாம் பச்சை பிடிக்கும். பிடித்திருந்தது. அது எல்லோர் வீட்டிலும் நடப்பது. அடுத்து, நெற்றியில் விழுந்த முடியை ஒதுக்கி டார்ச் அடித்தேன். நட்ட நடுவில், சின்னதாக, வட்டமாக ஒரு சிவப்புக் கறை. விரலால் தேய்த்தேன். போகவில்லை. அந்த மாதிரி மிருதுவான பிளாஸ்டிக்கில் குங்குமம் இறங்கினால் இறங்கியதுதான்.

"அத்தை, பொட்டு வச்சீங்களா?"

அவள் முந்தானையைச் சுருட்டினாள், பிரித்தாள். பிறகு பொரிந்து தள்ளினாள். "ஆயுத பூஜைக்கு எல்லாத்துக்கும்தான் வைக்கிறோம். மிக்சிக்கு வைக்கிறோம், இன்வெர்ட்டருக்கு வைக்கிறோம், இவரு தூண்டிலுக்குக்கூட வைக்கிறோம். அவ மட்டும் நல்ல நாளும் அதுவுமா வெறும் நெத்தியோட நிக்கணுமா? இவரு டியூட்டிக்குப் போனப்புறம் எடுத்து வச்சுட்டு, பழையபடி ஒட்டிருவேன்."

வருஷா வருஷம். பெங்களூர்க்காரரின் லட்சம் அந்த ஒரு பொட்டில் போயிற்று. எனக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது, ஆனால் வேலை முடியவில்லை. தேங்காய் எண்ணெய்க்கு இன்னும் பதில் கிடைக்கவில்லை.

பொம்மையைத் திருப்பினேன். முடியைப் பின்னியிருந்தது, பளபளவென்று எண்ணெயோடு. ஆனால் அது சடை இல்லை. முடியை நான்கு காலாகப் பிரித்து, உருண்டையாக, இறுக்கமாக முறுக்கி, நுனியில் நூலை வரிவரியாகச் சுற்றி முடிச்சு. துறைமுகத்தில் கப்பலைக் கட்டுகிற கயிற்றின் நுனியை இப்படிச் சுற்றியிருப்பதைப் பார்த்திருக்கிறேன். இடுப்பில் அட்டையோடு சேர்த்துக் கட்டியிருந்தது கம்பெனிக் கம்பி அல்ல, தூண்டில் நரம்பு.

"இந்தப் பின்னல்?"

"வாங்குனப்பவே அப்படித்தான் இருந்திருக்கும்" என்றாள் அத்தை. "ஃபாரின் பொம்மைல்ல, அவங்க ஊர்ல அப்படித்தான் பின்னுவாங்கன்னு நெனச்சேன்."

நாங்கள் இருவரும் ஒரே நேரத்தில் வராந்தாவைப் பார்த்தோம். உருளை சுற்றுகிற சத்தம் நின்றிருந்தது.

மாமா மெதுவாக எழுந்து வந்தார். மீசையைத் தடவினார். கப்பலை விட்டுத் துறைமுக வேலைக்கு வந்த பிறகு அவர் ஒரு அதட்டல் போட்டால் லாரி டிரைவர்கள் எல்லாம் அடங்கிவிடுவார்கள் என்று அப்பா சொல்வார். அந்த மனிதர் மேசையருகே வந்து, பொம்மையின் நெற்றியைக் குனிந்து பார்த்துவிட்டு, "நெத்தியில செவப்பா இருந்துச்சு. நம்ம ஆளுங்க வாங்குறதுக்குன்னே அப்படிச் செஞ்சானோன்னு நெனச்சேன்" என்றார்.

"நீங்க எப்ப எடுத்தீங்க?" அத்தையின் குரல் கீச்சிட்டது.

"நீ கோயிலுக்குப் போறப்ப."

"எண்ணெய் வேற தேச்சிருக்கீங்க!"

"முடி வறட்சியா இருந்துச்சு."

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். தீர்ப்பு சொல்ல வேண்டியவள் நான். விலை விஷயத்தில் நான் பொய் சொன்னதே கிடையாது, அந்த வறட்டு கௌரவம் ஒன்றுதான் இந்தத் தொழிலில் எனக்கு மிச்சம். உள்ளதைச் சொன்னேன். பெட்டி பிரித்தது, மூலை நசுங்கியது, காது பச்சை, நெற்றியில் கறை, முடியில் எண்ணெய். வாங்குகிறவர் சீந்தமாட்டார்.

"அப்ப போகாதா?" என்றார் மாமா.

"போகாது மாமா."

"டீக் ஹை" என்றார். அவ்வளவு சீக்கிரமாக அவர் எதற்கும் ஒப்புக்கொண்டு நான் பார்த்ததில்லை. அத்தையாவது கொஞ்சம் வருத்தப்படுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, ஏதோ பெரிய கண்டத்திலிருந்து தப்பித்தவளைப் போல நாற்காலியில் சாய்ந்தாள். யார் முதலில் விற்கலாம் என்றது என்று கேட்டேன். இவர் என்றாள் அவள். இவள் என்றார் அவர். மற்றவர் கேலி செய்வாரோ என்று பயந்து இருவருமே, பொம்மையைக் கட்டிக்கொண்டு எதற்குப் போவது, தள்ளிவிடலாம் என்றிருக்கிறார்கள்.

அத்தை பொம்மையை மடியில் போட்டுக்கொண்டு நுனி முடிச்சை அவிழ்க்கப் பார்த்தாள். அவிழுமா? "பொம்பளப் புள்ளைக்கு இப்படியா பின்றது? கப்பலக் கட்டுற கயிறு மாதிரி!"

"எனக்கு எப்படித் தெரியும்?" என்றார் மாமா. "நம்ம வீட்ல யாருக்குப் பின்னிப் பழகியிருக்கேன்?"

அத்தையின் கை நின்றது. கட்டி வைத்திருந்த மூட்டை ஒன்றைக் காலால் தள்ளிவிட்டு அவள் தன் பக்கத்தில் இடம் பண்ணினாள்.

"இங்க உக்காருங்க. மூணு காலாப் பிரிக்கணும்."

அந்த நேரம் பார்த்து பெங்களூர்க்காரர் போன் செய்தார். எடுத்து, இந்த வீட்டில் விற்பதற்குப் பொம்மை எதுவும் இல்லை என்றேன். இந்தத் தொழிலில் நான் சொன்ன ஒரே பொய்யாகவும் அது இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம்.