வெல்டாவுக்கு விழுந்த பின்நிலம்

எமில் பிராண்ட்ஹோர்ஸ்ட் இறந்த மூன்றாவது வாரம், 1979 மார்ச்சில், அவர் வீட்டுச் சமையலறை மேசையில் வைத்து உயிலை வாசித்தார்கள். மிசௌரி ஆற்றை ஒட்டிய முன்நிலம் நூற்றிருபது ஏக்கர் மகன் ஆர்லினுக்கு. அதற்குப் பின்னால் குன்றடிவரை பள்ளமாகக் கிடந்த நூற்றிருபது ஏக்கர் மகள் வெல்டாவுக்கு. ஏக்கர் கணக்கில் சரிபாதிதான். ஆனால் எங்கள் ஆற்றுப்படுகையில் பிறந்த எவரும் அதைச் சரிபாதி என்று சொல்லமாட்டார்கள்.

ஆறு கரை மீறும்போது கனமானதை முதலில் இறக்கிவிடும். அதனால் கரையோரம் முழுக்க மணல் கலந்த வண்டல். மழை பெய்து இரண்டாம் நாள் ஏர் இறங்கலாம். மாவு போன்ற களியைத்தான் தண்ணீர் பின்னால்வரை சுமந்துபோய், தேங்கி நின்று, படியவிடும். அந்தப் பள்ளத்தில் ஆள் மறையும் புல் எத்தனையோ தலைமுறை வளர்ந்து, மடிந்து, மக்கிக் கறுப்பாகிக் கிடந்தது. நாலடி தோண்டினாலும் நிறம் மாறாத கரிசல். சத்துக்குக் குறையே இல்லை. ஆனால் ஈரத்தில் பூட்ஸைக் கழற்றிக்கொள்ளும்; காய்ந்தால் பிளந்து, வெடிப்புக்குள் முழங்கை வரை போகும். எங்கள் ஊரில் ஒரு பேச்சு உண்டு: பின்நிலம் சனிக்கிழமை சேறு, திங்கட்கிழமை கல், நடுவில் ஒரே ஒரு நாள்தான் மண், அன்றைக்கு எல்லோரும் கோயிலில் ஞாயிறு ஆராதனையில் இருப்பார்கள்.

வெல்டாவுக்கு அப்போது நாற்பத்தொரு வயது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. இருபது வருஷம் அப்பாவோடு சேர்ந்து உழுதவள். உயில் வாசித்து முடிந்ததும் ஆர்லின் காப்பியைக் கலக்கிக்கொண்டே சொன்னான்:

"அக்காவுக்கு என்ன, புள்ளையா குட்டியா? யாருக்காவது குத்தகைக்கு விட்டுட்டு நிம்மதியா இருக்கட்டும்."

வெல்டா தன் கோப்பையைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வெளியே போனாள். அதன்பிறகு பதினான்கு வருஷம் அவள் அவனோடு பேசவே இல்லை; கோயில் வாசலில் ஒரு தலையசைப்பு மட்டும்தான்.

அவள் நிலத்துக்கு அடுத்தது எங்கள் நிலம். அறுவடைக்கு அவளுக்கு லாரி ஓட்டுவது நான்தான். ஆகவே இதில் பாதி நான் கண்ணால் பார்த்தது, பாதி அவளே சொன்னது.

முதல் வருஷம் அவளும் தவறினாள். அப்பா இருந்தவரை முன்நிலம் காய்ந்ததும் பின்நிலத்திலும் இறங்கிவிடுவது வழக்கம். அதே பழக்கத்தில் மே மாதம் இறங்கினாள். டிராக்டர் அச்சுவரை புதைந்துவிட்டது. பாதையில் வண்டியை நிறுத்தி ஆர்லின் வேடிக்கை பார்த்தான்.

"என்னக்கா, டிராக்டரையே நட்டுட்டியா? எப்ப அறுப்பு?" என்று கத்திவிட்டுப் போனான்.

என் கணவர் மெர்ல்தான் சங்கிலி போட்டு இழுத்தார். அன்றைக்கே அவள் ஒரு முடிவுக்கு வந்தாள்: இந்த மண் எப்போது வா என்கிறதோ அப்போதுதான் போவது.

அதற்குப்பின் தினமும் காலையில் வயலின் நடுவுக்கு நடந்துபோவாள். மேல்மண்ணை விட்டுவிட்டு ஒரு சாண் ஆழத்திலிருந்து ஒரு பிடி எடுத்து உருட்டி, இடுப்பு உயரத்திலிருந்து கீழே போடுவாள். உருண்டை தட்டையானால் திரும்பி வந்துவிடுவாள். உதிர்ந்தால்தான் டிராக்டர் கிளம்பும். உழவை வசந்தத்தில் வைத்துக்கொள்ளாமல், அறுவடை முடிந்த கையோடு இலையுதிர் காலத்திலேயே உழுது கட்டிகளை அப்படியே போட்டுவிடுவாள். குளிர்காலத்து உறைபனி இறுகி இளகி அந்தக் கட்டிகளைப் பொடியாக்கித் தரும். மக்காச்சோளத்தைக் குறைத்தாள், தாமதமாக விதைத்தாலும் தாங்கும் சோயாவுக்கும் கோதுமைக்கும் மாறினாள். தண்ணீர் தேங்கும் இடங்களில் அகலமான, ஆழமில்லாத வாய்க்கால்கள் இழுத்துக் குன்றடி ஓடையில் சேர்த்தாள். வறண்ட வருஷங்களில் முன்நிலத்துப் பயிர் ஆகஸ்டிலேயே சுருளும். அவளுடையது ஆழத்து ஈரத்தைக் குடித்துக்கொண்டு செப்டம்பர்வரை பச்சையாக நிற்கும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மண் உதிர்ந்தது. கோயிலுக்கு வராமல் உழுதாள். மறுநாள் போதகர் விசாரிக்க வந்தார்.

"ஐயா, திங்கக்கெழம மழைன்னு வானொலில சொன்னான். ஆண்டவர் தப்பா எடுத்துக்குவாரா?"

"நான் சொல்றதுக்கு என்ன இருக்கு வெல்டா? மழை பெய்ஞ்சுதா?"

"காலைலருந்து பெய்யுது. நீங்க நனஞ்சுதான வந்தீங்க?"

போதகர் துண்டு வாங்கித் தலையைத் துடைத்துக்கொண்டு போனார்.

1993இல் வந்தது அந்த வெள்ளம். வசந்தத்தில் தொடங்கிய மழை ஜூலை வரை விடவில்லை. கரைமேட்டில் ஊரே நின்று மணல்மூட்டை அடுக்கியது. கரை கசிந்தது ஆர்லினின் நிலத்துக்கு நேராக. வெல்டா அங்கேதான் இரண்டு நாள் மூட்டை தூக்கினாள், தம்பிக்குப் பத்தடி தள்ளி, ஒரு வார்த்தை பேசாமல். மூன்றாம் நாள் மதியம் கரை உடைந்தது. நாங்கள் எல்லோரும் ஓடினோம். ஆர்லினின் வீடு, களஞ்சியம், மரங்கள் எல்லாம் ஒரு மணி நேரத்தில் போயின. யாரும் சாகவில்லை, அது மட்டுமே ஆறுதல்.

தண்ணீர் வடிய அக்டோபர் ஆனது. உடைப்பு இருந்த இடத்தில் ஆழம் தெரியாத ஒரு குளம். அதைச் சுற்றி ஆர்லினின் முன்நிலம் முழுக்க வெள்ளை மணல், சில இடத்தில் ஏழடி. வேலிக் கம்பங்களின் நுனிகூடத் தெரியவில்லை. வெல்டாவுக்கும் அந்த வருஷப் பயிர் ஒரு மணிகூட மிஞ்சவில்லை. தண்ணீர் அவள் பள்ளத்தில்தான் கடைசிவரை நின்றது. ஆனால் வடிந்தபோது அவள் கரிசல்மேல் இரண்டு விரல் பருமனுக்குப் புதுக் களிதான் படிந்திருந்தது. நிலம் நிலமாகவே இருந்தது.

கோயில் கூடத்தில் ஊருக்குச் சாப்பாடு போட்டுக்கொண்டிருந்தோம். தொத்திறைச்சி நறுக்கிக்கொண்டிருந்த ஃப்ரீடா குரலைத் தாழ்த்தாமலே சொன்னாள்: "பாத்தியா வெல்டா, நல்லதா பாத்து எடுத்துக்கிட்டவனுக்கு ஆண்டவர் என்ன குடுத்தாருன்னு! நியாயம்னு ஒண்ணு இருக்குல்ல?"

வெல்டா கரண்டியைக் கீழே வைத்தாள். "ஆத்துத் தண்ணிக்கு நியாயம் தெரியுமா ஃப்ரீடா? உங்க வீட்டுக்குள்ள மூணடி நின்னுச்சே, அது எந்தப் பாவத்துக்கு?"

அவள் மேலங்கியை எடுத்துக்கொண்டு வெளியேறினாள். மறுநாள் காலை மண்வெட்டியோடு தம்பி நிலத்துக்குப் போனாள். என்னையும் கூப்பிட்டாள், அவனோடு தனியாக நிற்க அவளுக்குத் தைரியம் இருக்கவில்லை என்று நினைக்கிறேன்.

ஆர்லின் மணலில் உட்கார்ந்திருந்தான். முகம் மழிக்காமல் பத்து வருஷம் கூடிப்போயிருந்தது.

"எந்திரிடா," என்றாள். பதினான்கு வருஷத்தில் அதுதான் முதல் வார்த்தை. "எங்க எவ்வளவு மணல்னு தோண்டிப் பாக்கணும்."

"பாத்து என்ன பண்ண?"

"ரெண்டடிக்குள்ள இருந்தா ஆழ உழுது கீழ்மண்ணோட கலக்கலாம். அதுக்கு மேலன்னா விட்டுரலாம். எந்திரி."

மூன்று நாளில் நாற்பத்தாறு குழி தோண்டினோம். இரண்டடிக்குள் மணல் இருந்தது முப்பது ஏக்கரில் மட்டும். கடைசிக் குழியில் நாலடிக்குக் கீழும் மணலே வந்தபோது ஆர்லின் மண்வெட்டியை எறிந்தான்.

வெல்டா குழியைப் பார்த்தபடியே சொன்னாள்: "என்னோடது நூத்திருபது இருக்கு. அறுபத நீ உழு."

"கரிசல் எனக்குப் பழக்கமில்லக்கா."

"அது எனக்குத் தெரியாதா? நான் சொல்றப்ப இறங்கு, சொல்லாதப்ப இறங்காத. அவ்வளவுதான்."

அவ்வளவுதான் என்றாலும் அவனால் முடியவில்லை. அடுத்த மே மாதம், மழை விட்டு ஐந்தாம் நாள், வெல்டா பல் வைத்தியரிடம் போயிருந்த நேரத்தில் இறங்கிவிட்டான். மேலே உலர்ந்திருந்தது; கீழே வெண்ணெய். டிராக்டர் சிக்கவில்லை, ஆனால் சக்கரம் போன இடமெல்லாம் மண் செங்கல்லாக இறுகியது. ஜூலையில் அந்தத் தடங்களில் மட்டும் சோயா மஞ்சளாகி, கணுக்கால் உயரத்தில் நின்றுவிட்டது. பாதையிலிருந்து பார்த்தால் யாரோ கோடு போட்டு வைத்ததுபோல் இருக்கும்.

ஒரு மாலை நாங்கள் மூவரும் அந்த மஞ்சள் வரிகளின் ஓரத்தில் நின்றோம். அவள் திட்டுவாள் என்று நான் காத்திருந்தேன். அவள் ஒரு செடியைப் பிடுங்கி வேரைப் பார்த்தாள். அது கீழே இறங்க வழியில்லாமல் பக்கவாட்டில் மடங்கியிருந்தது.

"இது சரியாகறதுக்கு எத்தன வருஷம் ஆகும்?" என்று கேட்டான் ஆர்லின்.

"மூணு. நாலு. பனியும் வெடிப்பும் பாத்துக்கும். நாம தொடாம இருந்தா போதும்."

அவன் அந்தச் செடியை வாங்கி, மடங்கிய வேரை விரலால் நீவினான். பிறகு சொன்னான்: "அக்கா, உயில அப்படி எழுதச் சொன்னது நான்தான். அப்பாவுக்கு மனசே இல்ல. நான்தான் திரும்பத் திரும்பக் கேட்டேன்."

"தெரியும்."

"எப்படித் தெரியும்?"

"ஆஸ்பத்திரில அப்பாவே சொல்லிட்டார். சொல்லிட்டு அழுதார்."

ஆர்லின் அவளைப் பார்த்தான். "தெரிஞ்சுமா எனக்கு நிலம் குடுத்த?"

"மன்னிச்சுட்டேன்னு நெனைக்காத," என்றாள் வெல்டா. "அது இன்னும் வரல. வந்தா சொல்றேன். ஆனா அப்பா பிள்ள மணல்ல உக்காந்திருக்கறத என்னால பாக்க முடியல."

அவன் வயலோரத்திலேயே குந்தி, முகத்தை மூடிக்கொண்டு அழுதான். நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன். அவள் அவனைத் தொடவில்லை. விலகிப் போகவும் இல்லை.

அதன்பின் ஒன்பது வருஷம் சேர்ந்து உழுதார்கள். அந்த முப்பது ஏக்கரை ஆளுயரக் கலப்பை வரவழைத்து உழுது, வைக்கோலும் எருவும் போட்டு மீட்டார்கள். மீதி மணல்மேட்டில் ஆற்றோர மரங்களான வில்லோவும் காட்டன்வுட்டும் தாமாக முளைத்துக் காடாயின. ஆர்லின் கடைசிவரை உருண்டையைத் தன் கையால் உருட்டினாலும், அக்கா ஒரு தடவை பார்க்காமல் வண்டியைக் கிளப்பமாட்டான்.

2003 நவம்பரில், அறுவடை முடிந்த வாரம், மாரடைப்பில் போய்விட்டான். அடக்கம் முடிந்து வீட்டுக்கு ஓட்டிவரும்போது நான் வெல்டாவிடம் கேட்டேன், மன்னித்துவிட்டேன் என்ற அந்த வார்த்தையை அவனிடம் எப்போதாவது சொன்னாளா என்று.

"சொல்லல," என்றாள். "போன வருஷமே வந்துருச்சு. கோதுமை விதைக்கற அவசரத்துல, அப்புறம் சொல்லிக்கலாம்னு விட்டுட்டேன்."

வண்டி கண்ணாடியில் மழை அடித்தது. அன்றைக்கு அவள் அழுததை நான் பார்த்தேன். அதற்கு முன்னும் பின்னும் பார்த்ததில்லை.

அடுத்த வாரம் தன் நிலத்தை முழுவதும் ஆர்லினின் மகள் ஜோலீன் பெயருக்கு எழுதிவைத்தாள். பிறகு எட்டு வருஷம் இருவரும் சேர்ந்துதான் விதைத்தார்கள். 2012 பிப்ரவரியில் வெல்டா தூக்கத்திலேயே போனாள். வயல் அப்போது பாறைபோல் உறைந்து, வரிவரியாக உழுது போட்ட கட்டிகளின்மேல் பனி நின்றது. தண்ணீர் ஏறாத குன்றுமேட்டில் தம்பிக்குப் பக்கத்திலேயே இடம் கேட்டிருந்தாள். அங்கேதான் வைத்தோம்.