பளபளத்த சுவரும் நான் அடித்த வரியும்

சிவில் டிப்ளமோ முடித்த கையோடு, காரைக்குடியில் எங்கள் வீட்டுப் பழைய குளியலறையைக் குறைந்த செலவில் புதுப்பிக்கும் பொறுப்பை ஏற்றேன். சிமெண்ட், மணல், வெள்ளை டைல்ஸ், கூலி என்று பட்டியல் போட்டேன்.

டைல்ஸ் ஒட்டும் முன் சுவரைக் கொத்த வேண்டும் என்றார் கொத்தனார். முட்டை வெள்ளைக்கரு கலந்து பூசிய சுண்ணாம்புச் சுவர் அது, கண்ணாடி போல முகம் தெரியும். “இம்புட்டுச் சமமா இருக்கே, எதுக்குண்ணே கொத்தணும்?” என்று, பட்டியலில் எழுதியிருந்த ‘சுவர் கொத்தக் கூலி’ என்ற வரியை அடித்துவிட்டேன்.

டைல்ஸ் ஒட்டிய பத்தாம் நாள், பிரசவத்துக்கு வந்திருந்த அக்கா அங்கே குழந்தையைக் குளிப்பாட்டி வெளியே வந்தாள். மறுகணம் உள்ளே டைல்ஸ் மடமடவென்று சரிந்தன.

“பிள்ளை தலையில விழுந்திருக்குமேடி!” என்று அலறினாள்.

எனக்கு எதுவுமே புரியவில்லை. கலவை சரி, தண்ணீர் விட்டதும் சரி. பட்டியலை மூன்று முறை பார்த்தும் பிழை அகப்படவில்லை. அடித்த வரியை நான் படிக்கவே இல்லை.

கொத்தனார் விழுந்த டைல் ஒன்றைத் திருப்பிக் காட்டினார். பின்புறச் சிமெண்டும் சுவரைப் போலவே பளபளத்தது.

“கண்ணாடியில சோத்தை அப்புனா நிக்குமா ஆத்தா? படிச்சவுக சொல்றீகளேன்னு விட்டுட்டேன்.”

இப்போதும் பட்டியல் போடுகிறேன். ஆனால் ஒரு வரியை அடிக்கும் முன், வேலை செய்கிறவரிடம் அதைப் படித்துக் காட்டி, “இதை விட்டா என்னாகும்?” என்று கேட்டுவிடுகிறேன்.