போலந்து விலை சொன்னவர்

டென்மார்க்கில் ஓகூஸ் நகரம் போகும் பஸ்ஸில் என் பக்கத்தில் வந்து இருந்தவர் நம்முடைய தமிழ் ஆள்தான். நரைத்த மீசை, காதை மூடிய கம்பளித் தொப்பி. போலந்தில் க்டான்ஸ்க் நகரம் பார்த்துவிட்டு வந்தவராம். அடுத்த கிழமை நானும் அங்கே போக இருந்தேன். மகனிடம் கை நீட்டாமல் என் பென்ஷன் காசிலேயே போய் வர வேண்டும் என்பது என் பிடிவாதம். அதனால் விலைவாசி கேட்டேன்.

ஒவ்வொரு விலைக்கும் கண்ணை மூடி, டென்மார்க் குரோனர் காசுக்கு மாற்றிப் பார்த்துத்தான் வாய் திறந்தார்.

“அங்கை சூப் குடிக்கிற காசுக்கு இஞ்சை ஒரு கோப்பியும் வராது அக்கா. டிராமிலை நாள் முழுக்கச் சுத்தினாலும் காசு போறது தெரியாது.”

என் காசு போதும் என்று மனம் குளிர்ந்தது.

“சூப் என்ன ருசி தம்பி?”

“ஆருக்குத் தெரியும்? மனிசி புட்டும் சம்பலும் கட்டித் தந்தவ. நான் கடை வாசலிலை விலையை மட்டும் பாத்தனான்.”

“புட்டைக் காவிக்கொண்டே போலந்து போனனீர்?”

“ஓம். சூப்பை நீங்கள் குடிச்சுப்போட்டு வந்து சொல்லுங்கோ.”

அடுத்த கிழமை க்டான்ஸ்க் போய்க் குடித்தேன். நல்ல புளிப்பு, உள்ளே அவித்த முட்டை. விலையும் அவர் சொன்னபடியே. மகனின் காசு தேவைப்படவில்லை. ருசியைச் சொல்ல அவரை ஒவ்வொரு பஸ்ஸிலும் தேடுகிறேன். அந்தச் சூப் வாசனைக்கு முன்னால் நின்று, விலையை மட்டும் எப்படித்தான் பார்த்தாரோ.