தக்காளி வழுக்கிய வருஷம்

கத்தி தீட்டுகிறவனுக்கு வேலை இருக்கும்போது கை வலிக்கும், வேலை இல்லாதபோது கை அரிக்கும். இரண்டில் அரிப்புதான் ஆபத்து.

நான் ஆம்பூரில் ஒரு ஷூ தொழிற்சாலையின் டூல் ரூமில் எட்டு வருஷம் கத்தி தீட்டியவன். தோல் வெட்டுகிறவர்களின் கத்திகளைச் சக்கரத்தில் காட்டி, கல்லில் இழைத்து, கடைசியில் பச்சை பாலிஷ் சோப்பு தடவிய தோல்வாரில் இழுத்து இழுத்து, முகம் தெரிகிற மாதிரி ஆக்கிக் கொடுப்பேன். ஒரு நாள் சூபர்வைசர் எல்லோர் முன்னாலும், "ஒரு கத்திக்கு முக்கால் மணி நேரமாய்யா?" என்று கேட்டார். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். ஏப்ரனைக் கழற்றி அவர் மேஜை மேல் வைத்துவிட்டு வந்துவிட்டேன். தொண்ணூற்றெட்டில், ஈஸ்டர் முடிந்த வாரம் அது.

என் மனைவி கிரேஸ் வேலூரில் நர்ஸ். தினமும் ரயிலில் போய் வருகிறவள். விஷயத்தைக் கேட்டுவிட்டு அவள் கத்தவில்லை. காய்ச்சல்காரனைப் பார்க்கிற மாதிரி என்னைப் பார்த்து, தவணை குறித்தாள்: "அடுத்த ஈஸ்டர் வரைக்கும் சொந்தமா கடை வெச்சிப் பாருங்க. அதுக்குள்ள கடை நிக்கலன்னா, சூபர்வைசர்கிட்ட போயி சாரி சொல்லிட்டு, பழைய சீட்டுலயே உக்காந்துடணும்."

அந்த ஒரு 'சாரி'யை நினைத்தாலே எனக்கு நெஞ்சு எரியும். அந்த வருஷம் முழுக்க எரிந்தது. செய்கிற வேலையைத் தேவைக்கு மேல் செய்து கெட்டுப்போன என் இனத்தாரே, உங்களுக்குத்தான் இதைச் சொல்கிறேன். மற்றவர்களுக்குப் புரியாது.

ஆறு கண்ணாடிகள்

பஜாரில் ஒரு சின்ன அறை பிடித்தேன். திறப்பு நாளுக்கு மாமனார் ஆற்காட்டிலிருந்து மக்கன் பேடா வாங்கி வந்தார். வந்தவர்கள் குறைவு என்பதால் முக்கால்வாசியை அவரே சாப்பிட்டார். கடைசியாக வந்தவர் கரீம் பாய். கல்யாணங்களுக்குப் பிரியாணி போடும் மாஸ்டர். ஆறு கத்திகளைக் கொடுத்து, "நல்லா தீட்டி வை தம்பி" என்றார். ஆறையும் கண்ணாடி ஆக்கினேன். கை ரோமத்தில் வைத்துப் பார்த்தேன், ஊதினால் விழுகிற மாதிரி சிரைத்தது. இனி ஆம்பூர் முழுக்க என் பெயர்தான் என்று அன்றைக்கு நிஜமாகவே நினைத்தேன்.

மூன்றாம் நாள் கரீம் பாய் ஒரு கையில் கத்தியும் ஒரு கையில் தக்காளியுமாக வந்து நின்றார். காலையில் முதல் கூடை வரைக்கும் கத்தி பறந்ததாம். பலகையில் தட்டித் தட்டி அந்தப் பளபளப்பு கொஞ்சம் தேய்ந்ததும், தக்காளித் தோலின் மேல் வழுக்க ஆரம்பித்துவிட்டதாம். என் மேஜை மேலேயே வைத்துக் காட்டினார். கத்தி தக்காளியைத் தடவிக்கொண்டு போனது, உள்ளே இறங்கவில்லை. நான் உடனே தோல்வாரை எடுத்து, "இன்னும் நாலு இழுப்பு இழுத்தா சரியாப் போயிடும் பாய்" என்றேன். அவர் கத்தியைத் துணியில் சுற்றிக்கொண்டே சொன்னார்: "தாடி எடுக்கறதுக்கு எனக்கு வேற ஆளு இருக்கான் தம்பி. எனக்குத் தக்காளி நறுக்கணும்."

யூசுபின் தீர்ப்பு

அந்த வாரம் எனக்குச் சோறு இறங்கவில்லை. தக்காளியில்தான் கோளாறு, கத்தியில் இல்லை என்று பார்ப்பவர்களிடமெல்லாம் வாதாடினேன். அப்போதுதான் என் பழைய தொழிற்சாலையில் தோல் வெட்டுகிற யூசுப் வந்தான். நான் போன பிறகு டூல் ரூமில் ஆளாளுக்குத் தீட்டித் தருகிற கத்திகள் தோலைப் பிடித்து இழுக்கின்றன, வெட்டின ஓரத்தில் நார் நாராக நிற்கிறது என்றான். அவன் கத்தியை வாங்கி என் வழக்கப்படி கண்ணாடி ஆக்கிக் கொடுத்தேன். சட்டைப் பையிலிருந்து ஒரு தோல் துண்டை எடுத்து, என் மேஜை மேலேயே ஒரு வளைவு போட்டான். ஓரம் வெண்ணெய் வெட்டின மாதிரி இருந்தது.

எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. பார்த்தாயா, என் கை தப்பே செய்யாது என்று மனசுக்குள் கரீம் பாயிடம் சொல்லிக்கொண்டேன். அந்தச் சந்தோஷத்தை யூசுப் கிளம்பும்போது கெடுத்துவிட்டுப் போனான். "உன் கத்தி போறதே கைக்குத் தெரியல, தோஸ்த்து. உன் சீட்டுக்கு இன்னும் ஆள் போடல, வந்துடேன்."

ராணியம்மாளின் அரிவாள்

பாலாற்றுக்கு அந்தப் பக்கத்து ஊரிலிருந்து ராணியம்மாள் என்று ஒருவர் சந்தைக்கு வந்த வழியில், புல் அறுக்கிற கருக்கரிவாளைக் கொடுத்துவிட்டுப் போனார். கருக்கரிவாள் என்றால் ஓரம் முழுக்கப் பொடிப் பொடியாகப் பல் வெட்டியிருக்கும். அந்த அரிவாளில் பாதிப் பல் மழுங்கியிருந்தது. மிச்சமிருக்கிற பாதி எதற்கு என்று எனக்கு நானே முடிவு செய்து, எல்லாவற்றையும் சக்கரத்தில் காட்டி வழவழவென்று ஆக்கி, வாரிலும் இழுத்து வைத்தேன். அன்றைக்கு வேறு வேலை இல்லை. சும்மா இருக்க என்னால் முடியவில்லை, அதுதான் உண்மை.

ராணியம்மாள் திரும்பி வந்து ஓரத்தை விரலால் தடவினார். மறுபடி தடவினார். கழனியில் ஒரு கைப்பிடி புல்லைச் சேர்த்துப் பிடித்து இழுத்தால் பல் இருந்தால்தான் கவ்வும், இல்லாவிட்டால் புல் மடங்கிக்கொண்டு கத்தி மேலே ஏறிக் கையில் வந்து நிற்கும் என்று சத்தமாகவே சொன்னார். தெருவே கேட்டது. நான் கொல்லுப் பட்டறைக்கு எடுத்துப் போய்ப் புதிதாகப் பல் வெட்டி வாங்கிக் கொடுத்தேன். அதை வாங்கிக்கொண்டு அவர் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: "நல்லா இருந்த பல்லையெல்லாம் புடுங்கிட்டு, மினுமினுன்னு இருக்குதுன்னு பெருமை வேற பேசறியே, உனக்கு இன்னா கேடு?"

வீட்டுக் கத்தி

கிறிஸ்துமஸ் நெருங்கியது. கடைக்கு ஒரு முடிதிருத்துகிறவரும், யூசுப் அனுப்பிய இரண்டு மூன்று பேரும்தான் வந்துபோனார்கள். கடையில் கை அரித்த மிச்சத்தை வீட்டில் தீர்த்துக்கொண்டேன். சமையலறைக் கத்தியை வாரத்துக்கு மூன்று தடவை வாரில் இழுப்பேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை கிரேஸ் தேங்காய்ப் பத்தை போட்டுக்கொண்டிருந்தவள் திடீரென்று நிறுத்தினாள். தேங்காய் சிவப்பாக இருந்தது. விரல் வெட்டுப்பட்டதே அவளுக்குத் தெரியவில்லை.

அவள் தானே மருந்து வைத்துக் கட்டிக்கொண்டாள். "நல்ல சுத்தமான வெட்டு, சீக்கிரம் ஆறிடும்" என்று ஒரு நர்ஸாக எனக்குச் சான்றிதழ் கூடக் கொடுத்தாள். பிறகு கத்தியைக் கழுவி வைத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமலேயே கேட்டாள்: "கடைக்கு ஆள் வரலன்னா, வீட்டுக் கத்தியை ஏங்க எடுக்கறீங்க?"

அம்மிக்கல்லில் இரண்டு தேய்ப்பு

ஜனவரியில் ஒரு நாள் கடையைப் பூட்டிவிட்டுக் கரீம் பாயின் சமையற்கட்டுக்கே போய்விட்டேன். கூப்பிடாமல்தான் போனேன். ராணியம்மாள் சொன்ன 'கவ்வும்' என்கிற வார்த்தை என்னைத் தூங்கவிடவில்லை. அங்கே வெங்காயம் நறுக்குகிறவர் தன் கத்தி மழுங்கியதும் எழுந்து போய், அம்மிக்கல்லின் ஓரத்தில் இரண்டே இரண்டு தேய்ப்பு தேய்த்துவிட்டு வந்து உட்கார்ந்தார். எனக்கு உடம்பெல்லாம் கூசியது. ஆனால் அந்தக் கத்தி ஒரு கூடைத் தக்காளியை நறுக்கி முடித்தது, ஒன்றுகூட வழுக்கவில்லை. கத்தியை வாங்கி என் பூதக்கண்ணாடியில் பார்த்தேன். ஓரம் முழுக்கக் கண்ணுக்குத் தெரியாத பல். ராணியம்மாளின் அரிவாளேதான், ஆனால் எறும்புக்குச் செய்தது.

எனக்கு அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது. எட்டு வருஷமாக நான் மெனக்கெட்டுத் தேய்த்து எடுத்ததெல்லாம் அந்தப் பல்லைத்தான். தோலுக்கு அது ஆகாது, உண்மை. தக்காளிக்கு அதுதான் வேண்டும். கரீம் பாயின் கத்தி ஒன்றைக் கடைக்கு எடுத்துப் போய் நேராகக் கோணம் பிடித்து, கரடுக் கல்லோடு நிறுத்தினேன். நிறுத்துவதற்குள் என் உயிர் போய்விட்டது. ஓரம் சாம்பல் நிறத்தில், கீறல் கீறலாக, பாதியில் விட்ட வேலை மாதிரியே இருந்தது. தலையைக் குனிந்துகொண்டு போய்க் கொடுத்தேன். கரீம் பாய் நாலு தக்காளி நறுக்கிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "உன் கத்தி மாதிரியே இல்லியே தம்பி, வேலை செய்யுது."

இருபது கத்திகள்

ஈஸ்டருக்கு முந்தின வாரம் கரீம் பாய் இருபது கத்திகளோடு வந்தார். ஞாயிற்றுக்கிழமை, அதாவது ஈஸ்டர் அன்றைக்கே, பெரிய இடத்துக் கல்யாணம். "இது சரியாப் போச்சுன்னா, இங்க இருக்கற மாஸ்டருங்க எல்லாரையும் உங்கிட்ட அனுப்பறேன். பேஜார் ஆச்சுன்னா என் மொகத்துல முழிக்காதே" என்றார். என் தவணையும் அந்த ஞாயிறுதான். சனிக்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்குள் இருபதையும் கரடுக் கல்லில் முடித்து வரிசையாக வைத்துவிட்டேன். அவருடைய ஆள் ஐந்து மணிக்குத்தான் வருவார். ஐந்து மணி நேரம் சும்மா இருக்க வேண்டும். என்னைச் சும்மா இருக்கச் சொல்வதை விட மரத்தைப் பேசச் சொல்லலாம்.

இரண்டு மணிக்கு யூசுப் வந்து எட்டிப் பார்த்து, "இந்தக் கீறலோட உன் பேர்ல வெளிய அனுப்பப் போறியா?" என்றான். அவன் விளையாட்டுக்குச் சொன்னது. எனக்கு அது நேராக உச்சந்தலையில் ஏறியது. ஒரே ஒரு கத்தியை மட்டும், லேசாக, இரண்டு இழுப்பு என்று வாரை எடுத்தேன். அது பளபளத்ததும் பக்கத்தில் இருந்தது அசிங்கமாகத் தெரிந்தது. அதையும் இழுத்தேன். கிரேஸ் டியூட்டி முடிந்து ஸ்டேஷனிலிருந்து நேரே கடைக்கு வந்தபோது பதினோரு கத்திகள் கண்ணாடி ஆகியிருந்தன. மணி நாலு.

அவள் கத்திகளைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். என்ன நடந்திருக்கிறது என்று நான் வாயைத் திறக்காமலேயே புரிந்துகொண்டாள். அரிவாள் கதை, அம்மிக்கல் கதை எல்லாவற்றையும் தினமும் சாப்பாட்டோடு கேட்டவள் ஆயிற்றே. தோல்வாரை என் கையிலிருந்து உருவி, ஸ்டூல் மேல் போட்டு, அதன் மேல் உட்கார்ந்துகொண்டாள். வெள்ளைப் புடவையில் பச்சை சோப்பு ஒட்டும் என்றேன். அசையவில்லை. நான் பதினோரு கத்திகளையும் மறுபடி கரடுக் கல்லில் போட்டு, நானே ஏற்றிய பளபளப்பை நானே அழித்தேன். கண்ணில் தண்ணீர் வந்தது. கல்தூசி என்று சொல்லிக்கொண்டேன். கடைசிக் கத்தி முடிந்ததும் ஒரே ஒரு இழுப்புக்கு அனுமதி கேட்டேன். கிரேஸ் சொன்னாள்: "கரீம் பாய் ஆள் வந்து எடுத்துட்டுப் போற வரைக்கும் நான் எழுந்திருக்க மாட்டேன்."

ஈஸ்டர்

அதிகாலை ஆராதனையில் எல்லோரும் சந்தோஷமாகப் பாடிக்கொண்டிருந்தார்கள். என் மனசு தக்காளிக் கூடையில் இருந்தது. பதினோரு கத்திகளை அவசரத்தில் சரியாகத் தேய்த்தேனா, ஒன்றிரண்டு வழவழப்பாகவே போய்விட்டதா என்று ஒவ்வொன்றாக நினைத்து நினைத்து எண்ணினேன். சாரி என்பதை எப்படிச் சொல்வது, உட்கார்ந்தா நின்றா என்று கூட யோசித்துவிட்டேன். கோயில் முடிந்ததும் புதுச் சட்டையோடு கல்யாண மண்டபத்தின் பின்பக்கம் போய் நின்றேன். பத்துப் பன்னிரண்டு பேர் நறுக்கி முடித்துக் கை கழுவிக்கொண்டிருந்தார்கள். அண்டா அண்டாவாகத் தக்காளி அடுப்புக்குப் போய்விட்டிருந்தது. கரீம் பாய் என்னைப் பார்த்து, "இன்னா, இங்க வந்து நிக்கறே? கத்தியைப் பத்தி எவனும் ஒண்ணும் சொல்லலியே. வந்துட்டே, ஒரு பிளேட் சாப்ட்டுப் போ" என்றார்.

ஒன்றும் சொல்லவில்லை என்பதை விடப் பெரிய பாராட்டு எங்கள் தொழிலில் இல்லை என்பது அந்த நிமிஷத்தில்தான் எனக்கு உறைத்தது. கால் தரையில் பாவாமல் வீட்டுக்கு வந்தேன். கிரேஸ் பின்கட்டில் புடவையில் இருந்த பச்சைக் கறையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். தவணை முடிந்தது, நீயே சொல் என்று அவள் முன்னால் நின்றேன். அவள் தேய்ப்பதை நிறுத்தாமல் கேட்டாள்: "நாளைக்குக் கடையை எத்தன மணிக்குத் தொறப்பீங்க?"

தீட்டக் கற்றுக்கொள்ள எனக்கு எட்டு வருஷம் ஆனது, எங்கே நிறுத்துவது என்று கற்றுக்கொள்ள ஒரு கூடைத் தக்காளியும் ஒரு நர்ஸும் தேவைப்பட்டார்கள், கை மட்டும் இன்னும் அரித்துக்கொண்டுதான் இருக்கிறது.