நான் திருத்தாமல் விட்டது

என் வகுப்பில் யாராவது ‘ஐ டிட் நாட் கேம்’ என்று சொல்லிவிட்டால் மேசை அதிரும். கல்வராயன் மலையில் நான் ஆங்கிலம் நடத்தும் பள்ளியில் இது எல்லாப் பிள்ளைகளுக்கும் தெரியும். சாமை அறுப்புச் சமயத்தில் பாதி வகுப்பு காலியாகிவிடும். திரும்பி வந்தவர்களை நிற்கவைத்து, ஏன் வரவில்லை என்று ஆங்கிலத்தில் சொல்லச் சொல்வேன். ஒவ்வொருவராக ‘கேம்’, ‘கேம்’ என்பார்கள். நானும் விடாமல் தட்டிக்கொண்டே இருப்பேன். உள்ளங்கை சிவந்துவிடும்.

அப்புறம் விளக்கம். “வெறகுக்கட்டை ஒருத்தர் தலையில வாங்கிக்கினா, கூட வர்றவங்க கைய வீசிக்கினு வரலாம் இல்ல? நேத்துங்கிற சுமையை ‘டிட்’ தூக்கிக்கிச்சு. அப்புறம் இந்த ‘கம்’ எதுக்குடா ‘கேம்’னு இன்னொரு கட்டைத் தூக்கிக்கினு வருது?” பிள்ளைகள் சிரிப்பார்கள். சிரித்தவர்கள் பெரும்பாலும் மறக்க மாட்டார்கள்.

இன்னொன்றும் எனக்குப் பொறுக்காது. ‘எனக்கு இங்கிலீஷ் வராது சார்’ என்று யாராவது சொன்னால் உச்சந்தலைக்குக் கோபம் ஏறும். வராது என்று உனக்கு யார் சொன்னது என்று கேட்பேன். விசாரித்துப் பார்த்தால், எவனோ ஒருவன் சொல்லித்தான் இருப்பான்.

ஊருக்கு உபதேசம் செய்வதில் நான் ஒரு குறையும் வைத்ததில்லை.

என் மனைவி கள்ளக்குறிச்சியில் ஒரு தனியார் மருத்துவமனையில் நர்ஸ். நாங்கள் குடியிருப்பதும் அங்கேதான். மூங்கில்துறைப்பட்டுப் பக்கம் கரும்பு விவசாயம் செய்யும் குடும்பம். அந்த வீட்டிலிருந்து முதலில் படித்து வேலைக்கு வந்தவள் அவள்தான். வெளிநாட்டில் ஒரு பெரிய மருத்துவமனையில் வேலை பார்க்க வேண்டும் என்பது கல்யாணத்துக்கு முன்பிருந்தே அவளுக்கு ஆசை. அதற்கு ஆங்கிலத்தில் ஒரு தேர்வு எழுத வேண்டும், பேசியும் காட்ட வேண்டும். “வூட்லயே வாத்தியார் இருக்கும்போது நான் எதுக்கு டியூஷன் போவணும்?” என்றாள். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

சாயங்காலம் டியூட்டி முடிந்து வந்து வெங்காயம் நறுக்கிக்கொண்டே அன்றைக்கு வார்டில் நடந்ததை ஆங்கிலத்தில் சொல்வாள். நான் அடுப்பைப் பார்த்துக்கொண்டே திருத்துவேன். வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான் என்பதால் வெட்கமில்லாமல் தப்பு செய்தாள். தப்பு செய்கிறவர்கள்தான் சீக்கிரம் கற்றுக்கொள்வார்கள். அவளும் மளமளவென்று மேலே வந்தாள்.

ஒருநாள், கூடப் படித்த தோழி வெளிநாட்டிலிருந்து அனுப்பிய படங்களைக் காட்டினாள். பளபளவென்று ஒரு வார்டு, ஜன்னலுக்கு வெளியே பனி. “நான் மொதல்ல போயி ஒரு வழி பண்ணிட்டு, அப்புறம் உங்களக் கூப்ட்டுக்கறேன்” என்றாள். ஆசையாகத்தான் சொன்னாள். எனக்கு அந்தக் ‘கூப்ட்டுக்கறேன்’ முள்ளாகக் குத்தியது. மலையில் என்னைக் கண்டால் வழிவிட்டு வணக்கம் சொல்கிறார்கள். அங்கே போனால் நான் யார்? நர்ஸம்மாவின் வீட்டுக்காரர். அவள் போய்விடுவாளே என்று பயந்தேன் என்றுதான் பல நாள் எனக்கே சொல்லிக்கொண்டேன். அது பாதி உண்மை. என்னைவிட உயர்ந்துவிடுவாளே என்பதுதான் மீதி. இதை எழுதவே கூசுகிறது.

அதற்கு அடுத்த நாள், வார்டில் கொடுக்காமல் விட்ட ஏதோ ஒரு ஊசியைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தவள், ‘ஐ டிட் நாட் கேவ்’ என்று சொல்லிவிட்டு நிறுத்தினாள். “என்னங்க, கேவ்வா கிவ்வா? எனக்கு எப்பவும் இதுலதான் கொழப்பம்.”

“கேவ்தான். நடந்து முடிஞ்சதாச்சே. மேல சொல்லு” என்றேன்.

எனக்குக் குரல்கூட நடுங்கவில்லை. அவள் தலையாட்டிவிட்டு அதையே இரண்டு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டாள். அதன் பிறகு மற்ற தப்புகளையும் கண்டுகொள்ளாமல் விட்டேன். அவள் உற்சாகமாகப் பேசப் பேச, நன்றாக இருக்கிறது, நன்றாக இருக்கிறது என்றேன். வகுப்பில் மேசையை உடைக்கிறவன் வீட்டில் உப்பு பார்த்துக்கொண்டிருந்தேன்.

சென்னைக்குப் போய் எழுதிவிட்டு வந்தாள். சில நாள் கழித்து, துணி மடித்துக்கொண்டிருந்தபோது போனில் முடிவு வந்தது. கொஞ்சத்தில் போய்விட்டது. எழுதுவதிலும் பேசுவதிலும்தான் குறைந்திருந்தது. போனைக் கவிழ்த்து வைத்தாள். பிறகு, “நீங்க எவ்ளோ சொல்லிக் குடுத்தீங்க. எனக்குத்தான் மண்டையில ஏறல” என்று சொல்லிவிட்டு என் சட்டையை எடுத்து மடித்தாள். அந்த ஒரு தப்பால் மட்டும் யாரும் தோற்க மாட்டார்கள் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். வாத்தியாருக்குச் சமாதானம் சொல்லவா தெரியாது?

அடுத்த முறைக்குப் பணம் கட்டலாமே என்று பட்டும் படாமல் கேட்டேன். பேச்சை மாற்றிவிட்டாள். சாயங்கால ஆங்கிலம் நின்றுபோனது. வெங்காயம் நறுக்கும் சத்தம் மட்டும் கேட்டது.

கரும்பு வெட்டு நடந்துகொண்டிருந்தபோது அவள் அப்பா வீட்டுக்குப் போயிருந்தோம். சாப்பிடும்போது மாமனார் என்னைப் பார்த்து, “இன்னா மாப்ள, பரீச்ச போயிடுச்சாமே? இந்தப் பொண்ணு ஒண்ணு நெனச்சுட்டா உடமாட்டாளே” என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் அவளே சிரித்துக்கொண்டு சொன்னாள்.

“எனக்கு இங்கிலீஷ் வராதுப்பா. வுட்டுட்டேன்.”

அதே வார்த்தை. மலையில் ஒரு பிள்ளை வாயிலிருந்து வந்தால் நான் சும்மா விடாத வார்த்தை. வராது என்று உனக்கு யார் சொன்னது என்று கேட்க நாக்கு வரை வந்தது. யார் சொன்னது என்பதுதான் எனக்குத் தெரியுமே.

திரும்பி வரும்போது சங்கராபுரத்துக்கு முன்பு வண்டிகள் எல்லாம் நின்றுகொண்டிருந்தன. கரும்பு ஏற்றிவந்த டிராக்டரின் பின்வண்டி சாய்ந்து சாலை முழுக்கக் கரும்பு. நாங்கள் பைக்கில் உட்கார்ந்தபடியே காத்திருந்தோம். அள்ளிக்கொண்டிருந்த ஒருவர் அவளிடம் ஒரு கரும்பை நீட்டி, “துன்னுமா, இப்ப வண்டி எதுவும் போவாது” என்றார். அவள் வாங்கி முழங்காலில் வைத்து முறித்து, பல்லால் தோலை உரித்துக்கொண்டிருந்தாள். முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்குத் துணிச்சல் இல்லை. அவள் பின்னால் இருந்ததுதான் வசதியாகப் போயிற்று.

“அன்னைக்கிக் கேட்டியே, கேவ்வா கிவ்வான்னு. கிவ்தான் சரி.”

“ஓ” என்றாள்.

“தெரிஞ்சேதான் தப்பா சொன்னேன். அது மட்டும் இல்ல. நெறைய வுட்டுட்டேன். நீ பாஸாயிடக் கூடாதுன்னு இருந்துச்சு எனக்கு.”

பல்லில் கரும்பு முறியும் சத்தம் நின்றது. திட்டுவாள், அழுவாள், இறங்கிப் பஸ்ஸில் போய்விடுவாள் என்று ஒவ்வொன்றுக்கும் தயாராகக் காத்திருந்தேன்.

“அப்ப எனக்கு வரும்” என்றாள்.

குரலில் கோபமே இல்லை. சந்தோஷம்தான் இருந்தது. தொலைந்துபோன ஏதோ ஒன்று வீட்டிலேயே கிடைத்துவிட்டது மாதிரி ஒரு சந்தோஷம். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. கோபம் அதற்கப்புறம்தான் வந்தது. வழி திறந்து வண்டியைக் கிளப்பியபோது வழக்கம்போல என் தோளில் வைத்த கையை உடனே எடுத்து, பின்னால் இருக்கும் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். கள்ளக்குறிச்சி வரை அப்படியேதான் வந்தாள்.

பல நாள் வீட்டில் சாப்பாடு இருந்தது, பேச்சு இல்லை. இப்போது பேசுகிறாள். தேர்வுக்கு மறுபடியும் பணம் கட்டிவிட்டாள். மருத்துவமனையில் கூட வேலை பார்க்கும் ஒரு பெண்ணுடன் போனில் பேசிப் பழகுகிறாள். நான் இருந்தால் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். போன வாரம் நானே போய், ஒழுங்காகச் சொல்லித் தருகிறேன், ஒன்றையும் விடமாட்டேன் என்றேன். கையெடுத்துக் கும்பிடாத குறை.



“வேணாங்க. நீங்க சரியாவே சொன்னாலும் எனக்குச் சந்தேகமா இருக்கும்” என்றாள். பிறகு, வெங்காயம் தீர்ந்துவிட்டது, கடைக்குப் போய் வாங்கி வர முடியுமா என்று கேட்டாள். நான் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.